காலை இழந்த மகள் படகோட்டப் போகலாமா? சாட்ஸ்வொர்த் அக்காவுக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 19 வயது. இரண்டு வருடத்துக்கு முன் சாலை விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலோடு நன்றாக நடக்கிறாள். ஜிம்மில் ரோயிங் மிஷினில் அவள் இழுப்பதைப் பார்த்த ஒருவர், 'பாரா ரோயிங்கில் (ஊனமுற்றோருக்கான துடுப்புப் படகுப் போட்டி) சேர், நாட்டுக்காகவே ஓட்டலாம்' என்று சொல்லிவிட்டார். இப்போது யூனிவர்சிட்டியை நிறுத்திவிட்டு முழு நேரமும் இதிலேயே இறங்கப் போகிறேன் என்கிறாள். இதில் அவளுக்கு எதிர்காலம் உண்டா? எத்தனை வருடத்துக்கு?"

அக்கா, எதிர்காலம் உண்டு. ஆனால் படிப்பை நிறுத்த வேண்டாம். இரண்டையும் ஏன் ஒரே மூச்சில் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பல வருடங்களாக டர்பனில் வார இறுதிகளில் படகுக் கரையில் நிற்கிறவன் நான். உடல் ஊனமுற்ற பிள்ளைகளைப் படகில் ஏற்றி இறக்குவது, இருக்கையைச் சரிசெய்வது, பட்டைகளைக் கட்டிப் பார்ப்பது இதெல்லாம்தான் என் வேலை. பதக்கம் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒரே சீசனில் மனம் உடைந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் மோரான் சாமுவேல் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலியர். கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். 24 வயதில் முதுகுத்தண்டில் ஏற்பட்ட ஸ்ட்ரோக்கால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிறகுதான் துடுப்பைப் பிடித்தார். 2012 லண்டன் பாராலிம்பிக்ஸில் ஐந்தாம் இடம். 2016 ரியோவில் வெண்கலம். டோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிஸில் தங்கம், அப்போது அவருக்கு வயது 42. ஐந்திலிருந்து ஒன்றுக்கு வர 12 வருடம்! அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் படகை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அவர் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். உங்கள் மகளிடம் வேறு எதையும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒரு கதையை மட்டும் சொல்லுங்கள்.

பாரா ரோயிங்கில் இது அபூர்வமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் எரிக் ஹோரி சக்கர நாற்காலிக் கூடைப்பந்திலிருந்து வந்தவர். லண்டன், ரியோ, டோக்கியோ மூன்றிலும் வெள்ளி வாங்கி, பாரிஸில் நாலாவதாக வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னால் வந்த இத்தாலிக்காரர் படகில் கைபேசி வைத்திருந்தார் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டதால் வெண்கலம் ஹோரிக்குப் போனது. (போட்டி நடக்கும்போது வெளியே தொடர்பு கொள்ளக்கூடிய எந்தக் கருவியும் படகில் இருக்கக் கூடாது. உங்கள் மகள் முதல் நாளிலிருந்தே போனைக் கரையில் வைத்துப் பழகட்டும்.) பிரிட்டனின் டாம் ஆகர் 2008ல் தங்கம், 2012ல் நாலாவது, 2016ல் வெண்கலம். வேகமாக மேலே வந்தவர்களும் உண்டு. பிரிட்டனின் லாரன் ரோல்ஸ் சக்கர நாற்காலிப் பந்தயத்திலிருந்து 2015ல் ரோயிங்குக்கு மாறி, அடுத்த வருடமே 18 வயதில் ரியோவில் தங்கம் வாங்கினார். ஆனால் அவருக்குப் பின்னால் லாட்டரிப் பணத்தில் இயங்கும் ஒரு பெரிய அமைப்பு இருந்தது. நம் ஊர்ப் பிள்ளையை அந்தக் கணக்கில் அளந்தால் வீணாக அவளுக்குத்தான் வலிக்கும்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். பாரா ரோயிங்கில் ஒருவருடைய பாதையைத் தீர்மானிப்பது அவருடைய திறமைக்கு முன்னால் அவருடைய வகைப்பாடு. மூன்று வகைகள் இருக்கின்றன. பிஆர்1 என்பது தோளும் கையும் மட்டும் உழைப்பவர்களுக்கு. உடம்பின் நடுப்பகுதி தாங்காது என்பதால் மார்பைச் சுற்றிப் பட்டை கட்டி, நகராத இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுவார்கள். படகு கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்ன மிதவைகள் இருக்கும். பிஆர்2 என்பது இடுப்புக்கு மேலே முழு பலம் இருந்து, காலால் இருக்கையைத் தள்ள முடியாதவர்களுக்கு. அவர்களுக்கும் இருக்கை நகராது. பிஆர்3 என்பது காலிலும் ஓரளவு பலம் இருப்பவர்களுக்கு. சாதாரண ரோயிங் படகில் இருப்பது போலவே நகரும் இருக்கை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் இந்த வகையில்தான் வருவார்கள். 2017 வரை இதே வகைகளை ஏஎஸ், டிஏ, எல்டிஏ என்று அழைத்தார்கள். பழைய ஆட்கள் வாயில் இன்னும் அந்தப் பெயர்கள்தான் வரும், குழம்பிவிடாதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே ஒரு கால் மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பிஆர்3. ஆனால் அதை நானோ ஜிம்மில் பார்த்தவரோ சொல்லி முடிவாகாது. இரண்டு பேர் கொண்ட குழு பார்க்கும். ஒருவர் டாக்டர் அல்லது பிசியோ. இன்னொருவர் ரோயிங் தெரிந்தவர். மேசையில் படுக்கவைத்து தசை பலத்தையும் மூட்டுகள் மடங்கும் அளவையும் சோதிப்பார்கள், மிஷினில் இழுக்கச் சொல்வார்கள், தண்ணீரிலும் பார்ப்பார்கள். அறுவை சிகிச்சை அறிக்கைகள், எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். ஒரு பையனுக்கு ஒரே ஒரு மருத்துவக் காகிதம் கிடைக்காததால் அந்த வருட வகைப்பாடு தள்ளிப்போனது. அடுத்த வாய்ப்பு வருவதற்குள் அவன் ஊக்கமே குறைந்துவிட்டது. இன்றைக்கும் அது என் மனதை உறுத்துகிறது.

பிஆர்3 என்று வந்துவிட்டால் அப்புறம் ஒரு எளிய கணக்குப் போட வேண்டும். பாராலிம்பிக்ஸில் பிஆர்3க்குத் தனிப்படகு கிடையாது. நால்வர் படகு ஒன்று: இரண்டு ஆண், இரண்டு பெண், கூடவே வழிகாட்டும் காக்ஸ். நால்வரில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பாரிஸில்தான் புதிதாக இருவர் படகைச் சேர்த்தார்கள். அதில் ஒரு ஆண், ஒரு பெண். அப்படியானால் ஒரு நாட்டில் பிஆர்3 பெண்ணுக்கு இருப்பது மொத்தம் மூன்றே இருக்கைகள். அதுவும் அந்த நாடு இரண்டு படகுகளுக்கும் தகுதி பெற்றால்தான். பிஆர்1 ஆள் தனியாக ஓட்டலாம், தன் நேரத்தைத் தானே குறைத்துக்கொண்டே போகலாம். 2016 ரியோவில் சாண்ட்ரா குமாலோ தென்னாப்பிரிக்காவுக்காக அப்படித்தான் தனிப்படகில் போட்டியிட்டார். உங்கள் மகளுக்கோ கூட்டாளி வேண்டும். அவளுக்குச் சமமான வேகத்தில் இழுக்கிற, அதே ஊரில் இல்லாவிட்டாலும் அடிக்கடி சந்திக்கக்கூடிய தூரத்தில் இருக்கிற, இன்னும் ஆறு வருடம் நிலைத்து நிற்கிற ஒரு பையன் வேண்டும். இந்த நாட்டில் பிஆர்3 ஓட்டுபவருக்கு மிகப் பெரிய கஷ்டம் இதுதான். கால் இல்லாதது இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

அந்த இருவர் படகு வந்தது எத்தனை பேருக்குக் கதவைத் திறந்திருக்கிறது பாருங்கள். பாரிஸில் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலிய ஜோடி நிக்கி ஏயர்ஸ், ஜெட் ஆல்ட்ஷ்வாகர். நிக்கி ரக்பி ஆடும்போது முழங்கால் சிதைந்தவர், ஜெட் வேலையிடத்து விபத்தில் காலை இழந்தவர். இந்தியாவிலிருந்தும் ஒரு ஜோடி அங்கே வந்திருந்தது, நாராயணா கொங்கனபள்ளியும் அனிதாவும். நாராயணா ஆந்திராக்காரர். ராணுவத்தில் இருந்தபோது 2015ல் கண்ணிவெடியில் காலை இழந்தார். அனிதா உங்கள் மகளைப் போலவே சாலை விபத்தில் காலை இழந்தவர். இருவரும் பூனாவில் ராணுவத்தின் ரோயிங் மையத்தில் பயிற்சி எடுத்து, ஹாங்ஜோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் வெள்ளி வாங்கினார்கள். இந்தியா போன்ற ஒரு நாடு நால்வரைத் திரட்டி, காக்ஸையும் தேடி, நீளப் படகு வாங்கி அனுப்புவது கடினம். இரண்டு பேரைக் கண்டுபிடிப்பது முடிகிற காரியம். நமக்கும் அதே வழிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நால்வர் படகில் பிரிட்டன் 2012லிருந்து நான்கு பாராலிம்பிக்ஸ் தங்கத்தையும் விடாமல் வைத்திருக்கிறது. அந்த மலையில் முட்டுவதைவிட உங்கள் மகள் இருவர் படகுக்குத் தேவையான, இரண்டு கைகளிலும் துடுப்புப் பிடிக்கும் ஸ்கல்லிங்கை நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும்.

இப்போது உடம்பைப் பற்றி. ரோயிங்கைப் பார்ப்பவர்கள் கையால் இழுப்பதாக நினைக்கிறார்கள். நகரும் இருக்கையில் பலத்தின் பெரும்பகுதி காலிலிருந்துதான் வருகிறது. கால் தள்ளும், முதுகு சாயும், கடைசியில்தான் கை மடங்கும். ஒரு பக்கம் செயற்கைக் கால் என்றால் கணுக்கால் மடங்காது. அதனால் முன்னால் சுருண்டு வரும்போது அந்தப் பக்கம் எட்டாது, இடுப்பு திரும்பிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் கீழ்முதுகு போய்விடும். இதற்கு வழி பலகையில்தான் இருக்கிறது. கால் வைக்கும் பலகையின் உயரம், சாய்வு, இரண்டு பாதங்களுக்கும் தனித்தனி அளவு. நான் ஒரு பெண்ணுக்கு மூன்று சனிக்கிழமைகள் இந்த ஒரு வேலையையே செய்திருக்கிறேன். கட்டைகளை வைத்து, எடுத்து, அரை விரல் அளவு கூட்டி, குறைத்து. நாலாவது சனிக்கிழமை அவள் இழுத்தபோது படகு நேராகப் போனது. பயிற்சியாளர் பொறுமையில்லாதவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள், இதில் தயங்காதீர்கள்.

அப்புறம் வெட்டுப்பட்ட காலின் முனை. டர்பன் வெயிலும் ஈரப்பதமும் உங்களுக்குத் தெரியும். செயற்கைக் காலுக்குள் போடும் லைனரில் வியர்வை தேங்கி, ஆயிரம் தடவை மடங்கி நீளும்போது தோல் உரியும். ஒரு சின்னப் புண் வந்தால் இரண்டு வாரம் கால் மாட்ட முடியாது. கால் மாட்ட முடியாவிட்டால் பஸ் ஏற முடியாது, வகுப்புக்குப் போக முடியாது. ஆக, அந்தப் புண் படகை மட்டும் நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் கழற்றி, கழுவி, காயவைத்து, கண்ணாடி வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும். நடப்பதற்கு வைத்திருக்கும் நல்ல காலைத் தண்ணீருக்குக் கொண்டுவர வேண்டாம். பழைய கால் ஒன்றைப் படகுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நம் ஊர்க் கழிவுநீர் நிலையங்கள் பட்ட பாடும், கடற்கரைகள் மூடிக் கிடந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாங்கள் படகு ஓட்டும் உம்கேனி ஆற்றில் கழிவு கலந்திருக்கும் நாட்களில் திறந்த புண்ணோடு யாரையும் நான் படகில் ஏற்றுவதில்லை. ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும் மாதங்களும் உண்டு. தண்ணீர் நன்றாக இல்லாத வாரங்களில் மிஷின் போதும். உலக இன்டோர் ரோயிங் சாம்பியன்ஷிப்பிலேயே பாரா வகைகள் இருக்கின்றன, மிஷினில் எடுக்கும் நேரத்தைத் தேர்வாளர்களும் மதித்துப் பார்க்கிறார்கள். 2000 மீட்டர் எத்தனை நிமிடம் என்பதை மாதம் ஒருமுறை எழுதி வைக்கச் சொல்லுங்கள். 2016 வரை பாரா போட்டிகள் 1000 மீட்டர்தான். 2017லிருந்து எல்லோருக்கும் போல 2000 மீட்டர் ஆனது. ஒரு வேக ஓட்டமாக இருந்தது நீண்ட மூச்சு ஓட்டமாகிவிட்டது. கை பலத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் பலர் அப்போது தடுமாறினார்கள். 2028 ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் பாராலிம்பிக்ஸில் மட்டும் லாங் பீச் தடத்துக்கு ஏற்றபடி 1500 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள்.

2028க்கு உங்கள் மகள் தயாராவாளா என்று அடுத்து கேட்பீர்கள். என் கருத்தில் அவசரப்படக் கூடாது. படகில் சமநிலை வரவே ஒரு வருடம் பிடிக்கும். தேசிய அளவில் ரூட்பிளாட் அணையில் நடக்கும் சாம்பியன்ஷிப்பில் பயமில்லாமல் நிற்க இன்னும் ஒன்றிரண்டு வருடம். இந்த நாட்டில் மேல்மட்டப் பயிற்சி பெரும்பாலும் பிரிட்டோரியா பக்கம்தான். அங்கே போக வேண்டிய காலம் வந்தால் கையில் ஒரு பட்டம் இருந்தால் வேலையோடு போகலாம், பட்டம் இல்லாமல் போனால் உங்கள் சம்பளத்தில்தான் வாழ வேண்டியிருக்கும். விளையாட்டு உதவித்தொகை என்பது பொதுவாக உலக அளவில் முடிவு காட்டியவர்களுக்கே வரும். அந்த முடிவைக் காட்டும் வரைக்கும் படகு வாடகை, பயணம், லைனர் எல்லாம் குடும்பத்தின் பையிலிருந்துதான். அதற்கடுத்த பாராலிம்பிக்ஸ் நடக்கும் 2032ல் அவளுக்கு 26 வயதுக்குள்தான் இருக்கும். மோரான் சாமுவேல் 24 வயதில்தான் நோயில் விழுந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். இவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

பணம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சாலை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். சாலை விபத்து நிதியில் கோரிக்கை போட்டாயிற்றா? வண்டி யாருடையது என்று தெரிந்திருந்தால் பொதுவாக மூன்று வருடம், அடையாளம் தெரியாத வண்டி என்றால் இரண்டு வருடம்தான் கெடு. விபத்தின்போது அவளுக்கு 18 ஆகவில்லை என்றால் கணக்கு மாறலாம். நாளைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இனி வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டிய செயற்கைக் கால்களின் செலவு அதில்தான் இருக்கிறது.

நம் ஆட்களில் சிலர் இதைக் கேட்டதும், "ரோயிங்கா, அது வெள்ளைக்காரர் விளையாட்டு ஆயிற்றே" என்பார்கள். கிளப்புகள் பல காலம் நமக்குக் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தன, அது உண்மை. ஆனால் துடுப்பு வலிப்பது நமக்குப் புதிதா? ஒப்பந்தக் கூலி முடிந்த பிறகு டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு, பிறகு பக்கத்து ஃபின்லாண்ட்ஸ் பகுதிக்கு மாறி, அலையில் துடுப்பு வலித்துப் போய்க் கரைவலை வீசியவர்கள் நம் முன்னோர்கள். என் தாத்தாவின் அப்பா அந்தப் படகுகளில் ஒன்றில் இருந்தவர். மத்தி வரும் காலத்தில் விடியுமுன்னே படகைத் தள்ளிக்கொண்டு போனதைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அவர்களைக் கடலிலிருந்து பிடுங்கி, உங்கள் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து கடல் தூரம். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பிள்ளை திரும்பவும் துடுப்பை எடுக்கிறாள் என்று படித்தபோது எனக்கு எழுந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

கோயில் திருவிழாவுக்கும் காவடிக்கும் அவள் வராமல் பயிற்சிக்குப் போகிற நாட்கள் வரும். சொந்தக்காரர்கள் "ஏற்கெனவே பட்டது போதாதா, தண்ணீரில் வேறு விடுகிறாயே" என்பார்கள். அந்தப் பேச்சை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா, அவளிடம் போக விடாதீர்கள். தண்ணீர்ப் பயம் உங்களுக்கே இருந்தால் அதற்கு நியாயம் உண்டு. அதனால்தான் முதல் பாடமே கவிழ்ந்து எழுவது. ஆழம் குறைந்த இடத்தில், உயிர்காப்புப் படகு பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்த்து வெளியே வரச் சொல்வோம். படகில் பொருத்தியிருக்கும் காலணியின் குதிகால் கயிறு சரியான நீளத்தில் இருக்கிறதா, ஒரே இழுப்பில் கால் விடுபடுகிறதா, செயற்கைக் கால் பலகையில் மாட்டிக்கொண்டால் அதைக் கழற்றி விட்டுவிட்டு வர அவளுக்குத் தெரியுமா என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் ஆழத்துக்கு அனுமதி. இதைச் செய்யாத இடத்தில் அவளை விடாதீர்கள், எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும்.

நீச்சல் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் கிளப்புக்குப் போவதற்கு முன் அதுதான். ஒரு காலோடு நீந்துவது வேறு வித்தை, ஆனால் வரும். விபத்தில் காலை இழந்த நம் நாட்டு நட்டாலி டு டாய் 2008ல் பாராலிம்பிக்ஸில் நீந்தியதோடு, ஒலிம்பிக்ஸிலும் 10 கிலோமீட்டர் போட்டியில் நீந்தியவர்.

ஒரு சனிக்கிழமை அவளை உம்கேனி முகத்துவாரத்து ப்ளூ லகூன் பக்கம் கூட்டி வாருங்கள். ஐந்தரை மணிக்கு வந்துவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் வடகிழக்குக் காற்று எழும்பிவிட்டால் புதிதாக உட்காருபவருக்குக் கஷ்டம். பழைய கால், இரண்டு லைனர், இரண்டு துண்டு, மாற்றுத் துணி, மருத்துவ ஃபைல். மிஷினில் 2000 மீட்டர் எடுத்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.